மழைநாளுக்கு ஒரு காகம்

ஒக்டோபர் முதலாம் திகதி
மருந்துக்கடைப் பழைய கொப்பி ஒன்றில்
பற்று என்ற சொல்லை வெட்டிவிட்டு
வரவின் கீழ் எழுதத் தொடங்கினேன்.
ஒரு நாளைக்கு ஒரு பறவை.
எழுதியது மறுபடி வரக்கூடாது.
விளக்கு வைக்குமுன் கண்டிருக்க வேண்டும்.
பந்தயம் என்னோடுதான்.
தோற்றால் யாருக்கு என்ன கொடுப்பதென்று
யோசிக்கவில்லை.

முதல் நாள் மீன்கொத்தி,
கல்லடிப் பழைய பாலத்துக் கம்பியில்.
சைக்கிளை நிறுத்த முன்னமே
வாவிக்குள் விழுந்து எழும்பி
என்னை முதலாளி ஆக்கிவிட்டது.

காகமும் அன்றைக்கு இருந்தது.
மீன்சந்தைக் கூரையில், தபால்கந்தோர் மதிலில்,
நான் பூட்டுத் திறக்கும்வரை
பின்னாலேயே வந்தது.
எழுதப் போனேன்.
மாத்திரைத் தட்டிலிருந்து நிமிராமல்
ஹில்மி சொன்னான்:
"காகத்தச் செலவழிச்சிராதீங்க.
மாரி வருது."

ஆகவே சேமித்தேன்.
காகம், மைனா, புலுனி
மூன்றும் வைப்பில்.
மற்றதெல்லாம் ஓடி உழைக்க வேண்டும்:
திருப்பெருந்துறைக் கரையில் தாழைக்கோழி,
வலையிறவுப் பாலத்தடியில் நத்தைகொத்தி,
அத்தாங்கு போட்டவர்
"என்ன மனே, ஆரைப் பாக்குறாய்" என்று கேட்டபோது
அவர் தலைக்கு மேலே போன ஆலா.

மைனாவைக் காய்ச்சலுக்குக் கொடுத்தேன்,
இருபத்தோராம் நாள், கட்டிலில் படுத்தபடி.
புலுனிகள் ஏழும்
வருடக் கணக்கெடுப்பு நாளில்
ஒரே வரியில் போய்ச் சேர்ந்தன.
முப்பத்தெட்டாம் நாள் 'உள்ளான்' என்று எழுதி
முப்பத்தொன்பதாம் நாளும் 'வேறு உள்ளான்' என்று எழுதினேன்.
உள்ளானில் எத்தனை உள்ளான் என்று
ஹில்மி கேட்டான்.
கால் மஞ்சள், கால் பச்சை என்றேன்.
சேற்றுக்குள் நின்ற கால்கள்.
பொய் சொன்னேனா என்று
இன்னும் தெரியாது.

காகம் மட்டும் மிஞ்சியது.
வழியில் கண்டால்
கடன் தந்தவரைக் கண்டதுபோல்
அங்கால கிறுகி நடப்பேன்.

அறுபத்தெட்டாம் நாள்
வாவி றோட்டுக்கு ஏறிவிட்டது.
முகத்துவாரம் வெட்டினால்தான் வடியும் என்றார்கள்.
கடை பூட்டு. சைக்கிள் கதிரைமேல்.
சரி, இன்றைக்குத்தான் அந்த நாள் என்று
குடையோடு படியில் நின்றேன்,
வங்கியில் காசெடுக்கப் போகிற நிம்மதியோடு.

காகம் இல்லை.
முருங்கையில் இல்லை. கம்பியில் இல்லை.
பத்து மணி, பன்னிரண்டு மணி,
மழை, அதற்குப் பின்னால் மழை.
அறுபத்தேழு நாள் நான் நடித்ததை
இன்று அது நடிக்கிறது.

மதிலுக்கு மேலால் ஒக்கர்ஸ் அன்ரி:
"என்ன தேடுறாய்?"
"காகம்."
கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார்.
"போன கிழமை கருவாடு காயப்போட்டக்குள்ள
பத்து வந்திச்சு.
எறிஞ்சு கலைச்சன்."
மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது குரல்.

ஐந்து நாற்பதுக்கு
அவருடைய கறுப்புத் தண்ணீர்த் தாங்கியில்
கறுப்பாய் ஒன்று அசைந்தது.
இவ்வளவு சின்னதா?
கழுத்துச் சாம்பல்
பென்சிலால் தீட்டி விரலால் தேய்த்த மாதிரி.
வலப்பக்கம் ஓர் இறகு மட்டும்
சேராமல் வெளியே நீட்டிக்கொண்டு.
வாயைத் திறந்தது.
சத்தம் வந்ததோ, மழை தின்றதோ.
தலையைச் சரித்து என்னைப் பார்த்தது,
ஒரு கண்ணால், பிறகு மற்றதால்,
சரிபார்ப்பதுபோல.

மற்றப் பறவைகளுக்கு ஒவ்வொரு வரி.
காகத்துக்கு ஒன்றரைப் பக்கம் போயிற்று,
மெழுகுதிரி வெளிச்சத்தில்.

இரவு ஹில்மி எடுத்தான்,
காத்தான்குடியிலும் தண்ணீராம்.
"செலவழிச்சிட்டீங்களா?"
"ஓம்."
"அப்ப நாளைக்கு?"

இரண்டாம் படி மூழ்கிவிட்டது.
மூன்றாவதில் கொப்பியோடு இருக்கிறேன்.
சல்லி இல்லாமல் சந்தைக்குப் போகிற ஆளாய்
நாளை வெள்ளென எழும்ப வேண்டும்.